பாலாற்று மணலில் வீடு பார்க்கச் சொன்ன க்யூஜிஐஎஸ்

வேலூரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், புரோக்கர் சொல்லும் தூரத்துக்கும் நம் வண்டி மீட்டரில் ஓடும் தூரத்துக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. "சிஎம்சிக்குப் பக்கம் சார், பத்தே நிமிஷம்" என்பார். எந்தப் பத்து நிமிஷம்? விடியற்காலை நாலு மணிக்கா, கிரீன் சர்க்கிளில் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிற சாயங்காலத்திலா? நாலு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. அப்புறம்தான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் இதற்கு மட்டும் ஏன் வெயிலில் சுற்றுகிறேன் என்று தோன்றி க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை இறக்கினேன். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதுகிறேன். நான் சர்வேயரும் இல்லை, ஜியாகிரபி படித்தவனும் இல்லை, கணக்கு எழுதுகிற ஆள், அந்த அளவில் படியுங்கள்.

எனக்கு வேண்டியது நாலு விஷயம். அம்மாவுக்கு சிஎம்சி ஆஸ்பத்திரியில் செக்கப், எனக்கு வாரத்தில் மூன்று நாள் சென்னை ரயில் என்பதால் காட்பாடி ஜங்ஷன், பெண்ணுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம், அம்மா துணையில்லாமல் நடந்து போய் ஏறக்கூடிய ஒரு பஸ் ஸ்டாப். தனித்தனியாகப் பார்த்தால் நாலுக்கும் வீடு கிடைக்கும். நாலும் ஒன்றாகக் கூடுகிற தெரு எது என்பதுதான் கேள்வி. நாலு பட்டர் பேப்பர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வசதியைச் சுற்றி வட்டம் போட்டுப் பென்சிலால் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எந்த இடம் ரொம்பக் கருப்பாகத் தெரிகிறதோ அதுதான் விடை. க்யூஜிஐஎஸ் செய்வது இதே வேலைதான், தாளுக்குப் பதிலாக லேயர், பென்சில் வட்டத்துக்குப் பதிலாக பஃபர், வெளிச்சத்தில் பிடிப்பதற்குப் பதிலாக இன்டர்செக்‌ஷன் என்று ஒரு கட்டளை.

முதலில் விலை. பைசா கிடையாது. 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது, ரொம்ப நாள் குவாண்டம் ஜிஐஎஸ் என்ற பெயரில் ஓடி 2013இல் 2.0 பதிப்பு வந்தபோதுதான் இன்றைய சுருக்கப் பெயர் நிலைத்தது. திறந்த மூலம், விண்டோஸ் லினக்ஸ் மேக் மூன்றிலும் ஓடும். இறக்க வேண்டிய கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டும், அதனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஆரம்பிக்காதீர்கள். இரண்டு வகைப் பதிப்பு கண்ணில் படும், அதில் எல்டிஆர், அதாவது நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்பு, என்று போட்டிருப்பதை எடுங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை வரும் புதுப் பதிப்பில் இருக்கிற புது வசதி எதுவும் நமக்குத் தேவைப்படாது. என் டெஸ்க்டாப் எட்டு ஜிபி ராம் உள்ள பழைய பெட்டிதான், வேலூர் அளவுக்கு மூச்சு வாங்காமல் ஓடியது.

திறந்ததும் மிரட்டும், அதை மறைக்க மாட்டேன். வெள்ளைத் திரை, சுற்றிலும் நூறு பொத்தான். இடது பக்கப் பட்டியலில் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ் என்று ஒன்று இருக்கும், அதற்குள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கும், அதை இரண்டு தடவை தட்டினால் உலக வரைபடம் விரியும். அதில் கோட்டையின் அகழியைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்குத் தைரியம் வந்துவிடும்.

விவரம் எங்கிருந்து எடுப்பது? குவிக்ஓஎஸ்எம் என்று ஒரு பிளகின், அதாவது கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல், இருக்கிறது. அதில் அமெனிட்டி என்று ஒரு பெட்டியிலும் ஹாஸ்பிட்டல் என்று அடுத்த பெட்டியிலும் கொடுத்து ஊர் பெயர் வேலூர் என்று போட்டால், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் குறித்து வைத்த மருத்துவமனைகள் எல்லாம் வந்து விழும். விழுகிற விதம்தான் புதியவர்களைக் குழப்பும். யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியைப் புள்ளியாகக் குறித்திருப்பார், இன்னொருவர் காம்பவுண்டையே கோடு கட்டி வரைந்திருப்பார், அதனால் புள்ளி லேயர் ஒன்று, பரப்பு லேயர் ஒன்று என்று தனித்தனியாக வரும். பரப்பையெல்லாம் சென்ட்ராய்ட்ஸ் கொடுத்து நடுப்புள்ளியாக்கி, மெர்ஜ் கொடுத்து ஒன்றாக்கினால்தான் பட்டியல் முழுமை. இதைச் செய்யாமல் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கிளினிக்கைச் சுற்றி அரை நாள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சிஎம்சி விஷயத்தில் இன்னும் ஒரு கவனம். ஆஸ்பத்திரி ஊருக்குள், மருத்துவக் கல்லூரி பாகாயத்தில், கண் ஆஸ்பத்திரி ஆரணி ரோட்டில், அப்புறம் ராணிப்பேட்டை வளாகம். எல்லாமே சிஎம்சிதான். எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டால் பாதி மாவட்டம் "சிஎம்சிக்குப் பக்கம்" ஆகிவிடும், புரோக்கர் சொல்கிற மாதிரியே. அம்மா போவது ஊருக்குள் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு என்பது எனக்குத்தான் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. அந்த ஒரு புள்ளியைத் தவிர மற்றதை அழித்தேன்.

அடுத்து பஃபர். நான் கேவலப்பட்ட இடம் இது. தூரப் பெட்டியில் 1 என்று அடித்தேன், ஒரு கிலோமீட்டர் என்ற நினைப்பில். வந்த வட்டம் மேற்கே கிருஷ்ணகிரியைத் தாண்டியது, கிழக்கே தாம்பரத்தைத் தொட்டது, வடக்கே திருப்பதியை விழுங்கியது. காரணம் எளிது. இறக்கிய விவரம் இபிஎஸ்ஜி 4326 என்ற முறையில், அதாவது அட்சரேகை தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்கிறது. ஒரு பாகை என்பது நம் ஊர்ப் பக்கம் கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர். பெட்டிக்குப் பக்கத்தில் டிகிரி என்று எழுதி ஒரு மஞ்சள் முக்கோணமும் போட்டு எச்சரித்திருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை. தீர்வு, லேயர் ஒவ்வொன்றையும் ரீபுரொஜெக்ட் கொடுத்து இபிஎஸ்ஜி 32644க்கு மாற்றுவது. இது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற யுடிஎம் முறையில் 44வது மண்டலம், வடக்குப் பகுதி. 78 பாகையிலிருந்து 84 பாகை தீர்க்கரேகை வரை இதன் எல்லை, ஆகவே பழைய வடஆற்காடு முழுக்க, திருப்பத்தூர் கோடி வரைக்கும், இதற்குள் அடங்கும். ஓசூர்க்காரர்கள் 43வது மண்டலம் போட வேண்டும். மாற்றிய பிறகு பெட்டியில் மீட்டர் என்று வரும், 3000 என்று அடித்தால் மூன்று கிலோமீட்டர். இந்த ஒரு பத்தியை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

பஃபர் பெட்டியிலேயே செக்மென்ட்ஸ் என்று ஒன்று 5 என்று இருக்கும். வட்டத்தின் கால் பகுதியை ஐந்து நேர்கோடுகளால் வரைகிறது என்று பொருள், ஆக மொத்தம் இருபது பக்கம் கொண்ட ஒரு உருவம், உண்மையான வட்டம் இல்லை. மூன்று கிலோமீட்டர் வட்டத்தில் சில இடத்தில் 37 மீட்டர் வரை உள்ளே வெட்டிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு இது பெரிய விஷயம் இல்லை, என்றாலும் 30 என்று மாற்றிவிடுவது ஒரு நொடி வேலை. பஸ் ஸ்டாப் மாதிரி நிறையப் புள்ளி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பரப்பாக இணைக்கிற டிசால்வ் என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள், இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வட்டங்கள் பிறகு துண்டு துண்டாக வெட்டுப்பட்டு உயிரை எடுக்கும்.

சரி, வட்டங்கள் தயார். நாலையும் ஒரேயடியாகப் போடாமல் முதலில் இரண்டை மட்டும் வெட்டிப் பார்த்தேன், சிஎம்சியிலிருந்து மூன்று கிலோமீட்டர், காட்பாடி ஜங்ஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். வட்டங்கள் லேசாகத்தான் உரசும், கிழக்கு மேற்காக நீண்டு ஒல்லியாக, மாவடு மாதிரி ஒரு வடிவம் கிடைத்தது. ஆகா, இதுதான் நம் வீடு இருக்கிற இடம் என்று பின்னால் வரைபடத்தைப் போட்டுப் பார்த்தால், பாலாற்று மணலும் விருதம்பட்டுக் கரையோரமும்.

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, ஆத்துல குடிசை போடச் சொல்லுதா உன் கம்ப்யூட்டரு?" என்றார். தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே. கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார், ஆற்றில் 2021 நவம்பரில் தண்ணீர் கரை முட்டி ஓடியதை நாமே பாலத்து மேல் நின்று பார்த்தோம். மணல் காய்ந்து கிடக்கிறது என்று அங்கே வீடு பார்க்க முடியாது.

இதில் மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டு இடத்துக்கும் மூன்று கிலோமீட்டருக்குள் எது என்று கேட்டேன், அது சரியாகச் சொன்னது. ஆறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றின் பரப்பையும் குவிக்ஓஎஸ்எம்மிலேயே எடுத்து, டிஃபரன்ஸ் என்ற கட்டளையால் கழித்துவிடலாம். கழித்தேன். ஆனால் அதன் பிறகுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. வட்டம் காக்கா பறக்கிற தூரத்தைப் பார்க்கிறது. தென்கரையில் நிற்கிறவனுக்கு வடகரைப் பள்ளிக்கூடம் அறுநூறு மீட்டரில் கண்ணுக்கே தெரியும், ஆனால் பாலத்துக்கு வந்து, ஏறி, இறங்கி, திரும்பி வந்தால்தான் போக முடியும். ரயில் பாதையும் அப்படித்தான், ஊருக்குக் கிழக்கே இருக்கிற மலையும் அப்படித்தான், சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்களைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். சமவெளியில் இருக்கிற ஊருக்கு வட்டம் போதும், நம் ஊருக்குப் போதாது.

இதற்கும் க்யூஜிஐஎஸ்ஸில் வழி இருக்கிறது, இந்த இடத்தில்தான் எனக்கு இந்த மென்பொருள் மேல் மரியாதையே வந்தது. பிராசஸிங் டூல்பாக்ஸில் நெட்வொர்க் அனாலிசிஸ் என்ற தலைப்பின் கீழ் சர்வீஸ் ஏரியா என்று ஒரு கருவி. சாலை லேயரையும் ஆஸ்பத்திரிப் புள்ளியையும் கொடுத்து 4000 என்று போட்டால், அந்தப் புள்ளியிலிருந்து சாலை வழியாக நாலு கிலோமீட்டருக்குள் எட்டுகிற தெருக்களை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்கும். வந்த படம் வட்டமாக இல்லை, ஆலமர வேர் மாதிரி இருந்தது. பாலம் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு கை ஆற்றைத் தாண்டி வடக்கே நீண்டு, காட்பாடி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போய் அங்கே விரல் விரலாகப் பிரிந்தது. இரண்டு சக்கர வண்டியில் இந்த ஊரைச் சுற்றியவன் மனசில் இருக்கிற வரைபடம் அதேதான். வருவது கோடுகளாக வரும், பரப்பாக வராது, அதனால் மற்ற லேயரோடு வெட்ட முடியாமல் முழிப்பீர்கள். அந்தக் கோடுகளுக்கு ஒரு ஐம்பது மீட்டர் பஃபர் போட்டு டிசால்வ் செய்துகொள்ளுங்கள், தெருவும் தெருவை ஒட்டிய வீடுகளும் அடங்கிய பரப்பு கிடைத்துவிடும். கான்வெக்ஸ் ஹல் என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அது எல்லாக் கோட்டையும் ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றின மாதிரி ஆறையும் மலையையும் மறுபடி உள்ளே இழுத்துவிடும், வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் ஓஆர்எஸ் டூல்ஸ் என்ற பிளகின் இருக்கிறது, இலவசமாகப் பதிவு செய்து ஒரு சாவி வாங்கிப் போட்டால் பத்து நிமிட நடை, பத்து நிமிட வண்டி என்று நேர அளவிலேயே பரப்பு வரைந்து தரும். இதற்கு இன்டர்நெட் வேண்டும். இன்னொன்று, கிரீன் சர்க்கிள் நெரிசல் அந்தப் பத்து நிமிடத்துக்குள் இல்லை, அதை நீங்கள் மனசில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

குறைகள் என்று பார்த்தால், பாதி விவரத்தின் குறை, பாதி நம் குறை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கல்லூரி எல்லாம் சரியாக இருக்கின்றன. பஸ் ஸ்டாப் என்று கேட்டபோது நான் தினமும் நிற்கிற ஸ்டாப்பே வரவில்லை. யாரும் குறிக்கவில்லை, அவ்வளவுதான். வரைபடத்தில் இல்லாததை "அருகில் இல்லை" என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது, நல்ல தெரு ஒன்று அதனாலேயே விடையிலிருந்து விழுந்துவிடும். நான் பதினோரு ஸ்டாப்பை வண்டியில் போய்ப் பார்த்து நானே சேர்த்தேன். மாவட்ட எல்லைக் கோப்பு தேடுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை, இணையத்தில் கிடைக்கிற பழைய கோப்புகளில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இன்னும் வேலூருக்குள்தான் இருக்கும், 2019இல் மூன்றாகப் பிரித்ததைப் பற்றி அவற்றுக்குத் தகவல் போகவில்லை.

சேமிக்கும்போது ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகை வேண்டாம், ஜியோபேக்கேஜ் வகையை எடுங்கள். ஷேப்ஃபைல் ஒரு லேயருக்கு நாலைந்து கோப்பாகச் சிதறும், அட்டவணைப் பத்திக்குப் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும், எழுத்துமுறையைச் சரியாகக் குறிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகிவிடும். ஜியோபேக்கேஜில் எல்லாம் ஒரே கோப்பு, தமிழும் உடையாது. இன்னொன்று, பஃபர் இன்டர்செக்‌ஷன் எல்லாம் முதலில் தற்காலிக லேயராகத்தான் வரும், பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிப் படம் தெரியும். மூடும்போது கேட்கத்தான் செய்யும், ஆனால் கரண்ட் போகும்போது கேட்காது. எனக்கு ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் போனது.

இன்னொரு மனக்குறை, இந்த வெட்டுகிற முறையே கொஞ்சம் கறார். பஸ் ஸ்டாப்புக்கு ஐந்நூறு மீட்டர் என்று போட்டால் 499 மீட்டரில் இருக்கிற வீடு உள்ளே, 501 மீட்டர் வெளியே. வாழ்க்கையில் யாரும் அப்படி வீடு பார்ப்பதில்லை. கடைசியில் நான் செய்தது வேறு. டூலெட் போர்டு பார்த்த பதினாலு வீட்டையும் புள்ளியாக வைத்து, ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை நியரஸ்ட் என்ற கருவியால் ஒவ்வொரு வீட்டுக்கும் பள்ளி எத்தனை மீட்டர், ஸ்டாப் எத்தனை மீட்டர் என்று பத்தி சேர்த்துக்கொண்டேன். நேர்கோட்டுத் தூரம்தான், என்றாலும் ஏற்கெனவே ஒரே கரைக்குள் சலித்துவிட்டதால் அதில் பெரிய தப்பு வராது. அட்டவணையைப் பார்த்தபோது எனக்கே ஒன்று உறைத்தது, அம்மா சிஎம்சிக்குப் போவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பஸ் ஸ்டாப்புக்கும் பள்ளிக்கும் தினமும் போக வேண்டும், ஆனால் நாலுக்கும் ஒரே மரியாதை கொடுத்திருக்கிறேன். சிஎம்சி தூரத்தை நாலிலிருந்து ஐந்தரை கிலோமீட்டராகத் தளர்த்தினேன். உடனே வடகரையில் காந்தி நகர்ப் பக்கம் நல்ல பெரிய துண்டு ஒன்று திறந்தது. சிஎம்சி வாசலை ஒட்டின தெருக்கள் எப்படியும் நமக்கு இல்லை, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியோடு வருகிறவர்களுக்கான லாட்ஜ்தான் அங்கே வரிசையாக.

அந்தத் துண்டுக்குள் மூன்று வீடு. ஒன்றில் தண்ணீர் உப்பு, ஒன்றில் மாடிப்படி அம்மாவுக்கு ஆகாது, இதற்கெல்லாம் லேயர் கிடையாது. மூன்றாவதுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். ஸ்டாப்புக்கு நடை நாலு நிமிடம், நானே அம்மாவோடு நடந்து பார்த்தேன், அம்மா நடையில் ஏழு.

யார் வாங்கலாம்... வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, யார் இறக்கலாம் என்று கேட்டால், ஒரு வீடு மட்டும் தேடுகிறவர்களுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை, போனிலேயே வரைபடத்தைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். கிளினிக் வைக்க இடம் பார்ப்பவர், டியூஷன் சென்டர் போடுகிறவர், எந்தத் தெருக்களுக்கு எதுவுமே பக்கத்தில் இல்லை என்று காட்டி மனு எழுத நினைக்கிற வார்டுக்காரர்கள், இவர்களுக்கெல்லாம் ஒரு வாரம் செலவு பண்ணத் தகும். அந்தக் கடைசி வேலைக்கு டிஃபரன்ஸ் கட்டளை ஒன்று போதும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது திறந்தவுடன் மிரட்டுகிற முகப்புக்காக.

குடிவந்த மறுநாள் அம்மா பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினார். கடை எங்கே என்று கேட்டார். நான் பெருமையாகச் சிஸ்டத்தைத் திறந்து, நானே குறித்து வைத்திருந்த கடையைக் காட்டி, இருநூற்று எண்பது மீட்டர்தான் என்றேன். அம்மா கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது பக்கத்துக் கடைடா, நம்ம கார்டு இன்னும் பழைய வீட்டுக் கடையிலதான் இருக்குது. அட்ரஸ் மாத்தினாலும் எந்தக் கடை போடுவாங்களோ" என்று பையை மடித்து வைத்தார். அட்ரஸ் மாற்றக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.